ஆதாரம் கேட்ட ஆரோக்கியமேரி

காலையில் செல்லம்மாளிடமிருந்து போன் வந்தபோது நான் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "மிஸ், நம்ம ஆரோக்கியம் மிஸ் போயிட்டாங்க மிஸ்" என்றாள். எங்கள் கல்லூரியில் படித்த செல்லம்மாளும் இப்போது பேரன் பேத்தி எடுத்தவள்தான். ஆனாலும் எங்கள் இருவரையும் இன்றுவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவாள். செய்தியைக் கேட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "யார் சொன்னது?" அந்தப் பக்கம் அழுதுகொண்டிருந்தவள் அந்த அழுகையிலேயே சிரித்துவிட்டாள். "நானே பக்கத்துல இருந்தேனுங்க மிஸ். விடிகாலையில. அவங்க தங்கச்சி மக வீட்டுல" என்றாள். யார், எப்போது, எங்கே. மூன்றுக்கும் பதில் வந்துவிட்டது. இனி நம்பாமல் இருக்க வழியில்லை. அப்புறம்தான் நான் உட்கார்ந்து அழுதேன்.

கல்லறைத் தோட்டத்தில் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வாயைத் திறந்தேன், குரல் எழும்பவில்லை. ஊரே வந்திருந்தது. அவரிடம் திட்டு வாங்காத பெண் ஒருத்திகூட அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டாள். அன்று பேச முடியாததை, அவரிடம் படித்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளில் திண்டுக்கல்லுக்குப் பெண்கள் கல்லூரி வந்த புதிது. பள்ளி முடித்தவர்கள் பட்டப் படிப்புக்கு முன்னால் ஒரு வருடம் படிக்கிற பி.யு.சி. மட்டும்தான் இருந்தது. ஆரோக்கியமேரி பொருளாதாரம் எடுத்தார், நான் நூலகர். எங்கள் பெண்களில் பாதிப் பேர் சுற்றுப்பட்டிலிருந்து வந்த விவசாயிகளின் மகள்கள். அந்த ஒரு வருடம் முடிந்ததும் அவர்கள் எங்கே போவார்கள்? மதுரைக்கு அனுப்பிப் படிக்கவைக்க எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். இங்கேயே பி.ஏ. வந்தால் படிப்பு, வராவிட்டால் கல்யாணம். இதை யாரும் மறைத்துப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு மகளைப் பார்க்க வரும் தகப்பன்மார் வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போவார்கள்.

எங்கள் நட்பு சண்டையில்தான் தொடங்கியது. அந்தக் காலத்தில் புத்தகம் தொலைந்தால் நூலகரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே நல்ல நூலகர் என்றால் எல்லா அலமாரியையும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். நான் மிகவும் நல்ல நூலகர். தான் வேலைக்குச் சேர்ந்த வாரமே ஆரோக்கியமேரி வந்து அலமாரிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ஏம்மா காமாட்சி, இது லைப்ரரியா, பீரோக் கடையா?" என்றார்.

"வேணுங்கிற புஸ்தகத்த எழுதிக் குடுங்க, எடுத்துத் தாரேன்."

"உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எழுதிக் குடுக்க?"

"தெரிஞ்சா இன்னும் வருத்தப்படுவீங்க" என்று சொல்லிக்கொண்டே பொருளாதார அலமாரியைத் திறந்தேன். அரைத் தட்டுகூட நிரம்பவில்லை. எல்லாம் சீமையில் அச்சானவை. ஒன்று நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றியது, ஒன்று கோதுமையைப் பற்றியது. இன்னொன்று எதைப் பற்றியது என்று எங்கள் இருவருக்குமே விளங்கவில்லை. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அடிப்பாவி! இதைத் திருட எவ வருவான்னு பூட்டி வச்சிருக்க?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் அந்த அலமாரியை நான் பூட்டவில்லை.

பாடப்புத்தகத்தில் தேயிலை விலை ஏறினால் காப்பிக்குத் தேவை கூடும் என்று இருக்கும். எங்கள் பெண்கள் அதை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஒருநாள் ஆரோக்கியமேரி, "அது கெடக்கட்டும். வெங்காயம் ஏன் வெலை எறங்குது?" என்று கேட்டாராம். வகுப்பில் ஒரே சத்தம். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பாலசமுத்திரத்துச் செல்லம்மாள் எழுந்து, "அல்லாரும் ஒரே சமயத்துல வெட்டிக்கிட்டு வந்தா எறங்காம என்னங்க மிஸ் பண்ணும்?" என்றாள். "சரி. யார் சொன்னது?" "எங்கப்பா சொன்னாருங்க." "எப்போ? எங்க வச்சு?" அப்போது ஆரோக்கியமேரி சொன்னதை நீங்கள் எல்லாரும் பிறகு நூறு தடவையாவது கேட்டிருப்பீர்கள்: "உங்கப்பா சொன்னது பொய்யின்னு நான் சொல்லலை. யாரு, எப்போ, எங்கன்னு எழுதி, அவர்கிட்டக் காட்டி, கையெழுத்து வாங்கிட்டு வா. அப்பத்தான் அது ஆதாரம். அதுவரைக்கும் அது பேச்சு."

அடுத்த திங்கட்கிழமை செல்லம்மாள் ஒரு முழுத்தாளைக் கொண்டுவந்தாள். அப்பாவுக்கு எழுத வராது. மூன்று வருடமாக அவர் வெங்காயம் போட்ட கதை முழுவதையும் மகள் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, அடியில் கைநாட்டு வாங்கியிருந்தாள். ஆரோக்கியமேரி அந்தத் தாளை என் மேசையில் வைத்து, "இதுக்கு நம்பர் போடு" என்றார். "இது புஸ்தகமா?" என்று நான் எகிறினேன். "நீ பூட்டி வச்சிருந்த நிலக்கரியவிட இது நல்ல புஸ்தகம்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நம்பர் போட்டேன்.

அதோடு வேட்டை தொடங்கியது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு பெண் பொறுப்பு. விலைக்கு ஒருத்தி, கூலிக்கு ஒருத்தி, குத்தகைக்கு ஒருத்தி, கூட்டுறவுக்கு ஒருத்தி. தன் பாடத்துக்கு வேண்டிய ஆதாரத்தை எங்கிருந்தாவது அவளே கொண்டுவர வேண்டும். ஊருக்குப் போகிறவள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை வந்தது. மார்க்கெட் கமிட்டியின் விலைப் பட்டியல் வந்தது. பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருந்த கட்டிலிருந்து பயிர் நிலவர அறிக்கை ஒன்றை மீட்டுக்கொண்டு வந்தாள் நத்தத்துப் பிச்சையம்மாள். அவள் புளி வியாபாரி மகள். கடைக்காரரிடம் அதற்குப் பதிலாகத் தன் இங்கிலீஷ் நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள் என்பது பரீட்சை சமயத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. இங்கிலீஷ் மிஸ் என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்!

ஒரு வட்டார அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். எந்த ஊர் என்று எழுத மாட்டேன், அந்த அலுவலர் நல்ல மனுஷன். ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றித் தமிழில் அச்சடித்து அனுப்பிய சிறு புத்தகங்கள் அங்கே கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. காலுடைந்த பெஞ்சுக்கு ஒரு பக்கம் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததே அந்தக் கட்டுதான். "எடுத்துட்டுப் போங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார் அலுவலர். எடுத்தோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பியூன் தரைக்குப் போனார். ஆரோக்கியமேரி வெளியே ஓடி, இரண்டு செங்கல் பொறுக்கி வந்து, பெஞ்சைத் தானே நிமிர்த்தி வைத்துவிட்டு, பியூனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டுத்தான் கட்டைத் தூக்கினார். பஸ்ஸில் கண்டக்டர், "என்னக்கா, இம்புட்டுப் பெரிய கட்டு? கல்யாணப் பத்திரிகையா?" என்றார். "இல்ல தம்பி. கவர்மெண்டு நமக்கு எழுதுன கடுதாசி. இம்புட்டு நாளா ஒருத்தரும் பிரிக்கலை" என்றார் இவர். கண்டக்டர் ஒரு பிரதியை வாங்கிப் பழனி ரோடு முழுக்கப் படித்துக்கொண்டு வந்தார். ரெண்டு பேருக்கு டிக்கெட் கிழிக்க மறந்துவிட்டார்.

அந்த வருடக் கடைசியில்தான் செய்தி வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷன் வருகிறது. வகுப்பு, நூலகம் எல்லாம் பார்த்துத் திருப்தியானால் அடுத்த ஜூனில் பி.ஏ. பொருளாதாரம் தொடங்க அனுமதி கிடைக்கும். பிரின்சிபால் அம்மா எங்களைக் கூப்பிட்டார். நல்ல நிர்வாகி, ஆனால் பயந்தவர். "நூலகத்தைக் காட்ட முடியாது. வேறொரு காலேஜிலிருந்து ஒரு லாரி புஸ்தகம் ரெண்டு நாளைக்கு இரவல் கேட்டிருக்கேன். எல்லாரும் செய்யிறதுதான்" என்றார். அது உண்மை. அன்றைக்குப் பல இடத்திலும் கமிஷன் நாளில் அலமாரி அப்படித்தான் நிறைந்தது.

ஆரோக்கியமேரி எழுந்துவிட்டார். "இரவல் நகையப் போட்டுக்கிட்டுப் பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால உக்கார மாட்டேம்மா. நாளைக்கு நகை திரும்பிப் போயிரும், நம்ம புள்ளைக எதை வச்சுப் படிக்கும்?"

"அனுமதி வரலைன்னா அந்தப் புள்ளைகளுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் என்னைத் தூணோரம் இழுத்தார். "காமாட்சி, பெரிசாப் பேசிட்டேனோ?" என்றார். ஏனென்றால் அந்த வாரம்தான் செல்லம்மாளின் அப்பா வந்து போயிருந்தார். "பழனியத் தாண்டி அனுப்புனதே எங்க சாதிசனம் பேசுதுங்க. மதுரைக்கெல்லாம் ஆகாதுங்க. இங்கயே பி.ஏ. வந்தாப் பாக்கலாம், இல்லீன்னா ஆவணியில முடிச்சுருவோம்" என்று சொல்லிவிட்டு, மகளுக்கு ஒரு மூட்டை நிலக்கடலையும் கொடுத்துவிட்டுப் போனார். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருப்போம்.

லாரி வேண்டாம் என்று பிரின்சிபால் அம்மா அரைமனதோடு சொல்லியனுப்பினார். பிரின்சிபால் அம்மா மறுநாள் எங்கள் சேகரிப்பைப் பார்க்க வந்தார். எண்ணெய் பட்டது, எலி கடித்தது, அட்டை கிழிந்தது என்று எல்லாம் வரிசையாக நின்றன. தலையில் கை வைத்துக்கொண்டார். "அட்டையாவது போடுங்கம்மா! மானம் போகும்" என்றார். பெண்களுக்கு அவ்வளவு போதாதா? ஜூன் மாதம் வந்தால் எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுன் ஷீட் அட்டை போட்டு வளர்ந்த கைகள். கமிஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் தொடங்கிச் சாயங்காலத்துக்குள், அறிக்கை, சிறு புத்தகம், பத்திரிகைக் கத்தரிப்பு, கைநாட்டுத் தாள் என்று ஒன்று பாக்கி இல்லாமல் மடித்து, ஒட்டி, அடுக்கிவிட்டார்கள். நான் மாதக் கணக்கில் எழுதி ஒட்டிய நம்பரும் பெயரும் அத்தனையும் அட்டைக்குள்ளே போய்விட்டன. "பசை காயட்டும் மிஸ். கமிஷன் மத்தியானம்தான வருது? காலையில மேல லேபிள் ஒட்டிருவோம்" என்றாள் பிச்சையம்மாள்.

காலையில் முதல் மணி அடிக்கும்போதே கார் வாசலில் நின்றது. வழியில் போக வேண்டிய இன்னொரு கல்லூரியை மாலைக்குத் தள்ளிவிட்டு நேரே எங்களிடம் வந்துவிட்டார்களாம். நூலகத்துக்கு ஓடினேன். சுவர் முழுக்க ஒரே பிரவுன். எது வெங்காயம், எது கூலி, எது ஐந்தாண்டுத் திட்டம் என்று படைத்தவனுக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் உண்டு. எனக்கு அழுகை முட்டியது, அதைவிடக் கோபம். "எருமைகளா, என்னடி பண்ணி வச்சிருக்கீங்க!" என்று கத்தினேன். ஆரோக்கியமேரி என் தோளைப் பிடித்து, "செத்த நேரம் வாய மூடிக்கிட்டு நில்லு காமாட்சி. அட்டைதானே போட்டாங்க? படிச்சதை அழிக்கலையே" என்றார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

மூன்று பேர் உள்ளே வந்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர்தான் பேசினார், மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர் ஒன்றை உருவினார், முதுகில் பெயர் இல்லை. இன்னொன்றை உருவினார், அதிலும் இல்லை. "இது என்ன, பொட்டலக் கடையா?" என்றார். பிரின்சிபால் அம்மா சுவரோடு சாய்ந்துகொண்டார். ஆரோக்கியமேரி முன்னால் வந்தார். "சார், புஸ்தகத்தோட பேரைக் கேக்காதீங்க. கேள்வியக் கேளுங்க. இந்தப் பிள்ளைகள் எடுத்துத் தருவாங்க."

பேராசிரியருக்கு அது வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். கதவோரம் நின்ற செல்லம்மாளைப் பார்த்து, "விளைச்சல் அமோகமா இருக்கிற வருஷம் விவசாயி ஏன் நஷ்டப்படறான்? ஆதாரத்தோட சொல்லணும்" என்றார்.

செல்லம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அலமாரிக்குப் போனாள். கையை வரிசையில் ஓட்டினாள். ஒன்றை எடுத்தாள், அது பயிர் நிலவர அறிக்கை. எலி கடித்த மூலை அட்டைக்குள்ளும் மொட்டையாகத்தான் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்தாளாம். அடுத்ததை மோந்து பார்த்தே எடுத்தாள். மளிகைக் கடையில் மல்லி மூட்டைக்கு மேல் கிடந்த மார்க்கெட் கமிட்டி விலைப் பட்டியல் அது. கடைசியாக மெல்லிய ஒன்றை உருவி, மேசையில் மூன்றையும் பக்கம் திருப்பி வைத்தாள். "விளைச்சல் கூடுனது இதுல இருக்குங்க. அதே மாசம் வெலை எறங்குனது இதுல இருக்குங்க. எறங்குனதுனால வீட்டுல என்ன ஆச்சுங்கிறது இதுல இருக்குங்க."

அவர் மூன்றாவதைப் பிரித்தார். கைநாட்டைப் பார்த்தார். "இது யாரு?"

"எங்கப்பாங்க."

"அப்பா கைநாட்டு எப்படிம்மா ஆதாரமாகும்?"

செல்லம்மாள் நிமிர்ந்து அவரைப் பார்த்தே பேசினாள். "யாரு சொன்னதுன்னு இதுல இருக்குங்க. எப்போன்னு இருக்குங்க. எந்தக் காட்டுல வெளஞ்சது, எத்தன மூட்டைன்னு இருக்குங்க. இந்த அச்சடிச்ச பட்டியல்ல வெலை மட்டுந்தானுங்க இருக்கு. அதை யாரு சொன்னாங்கன்னு இல்லீங்க. அதனால ரெண்டையும் சேத்துத்தான் நாங்க வச்சுப் பாப்போமுங்க."

பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதன்பின் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். கூலி கேட்டார், வந்தது. குத்தகை கேட்டார், வந்தது. "ஒரே சரக்கு, ஒரு மாசம் ஒரு விலை, அடுத்த மாசம் வேற விலை, ஏன்?" என்றதும் பிச்சையம்மாள் பாய்ந்து வந்து, "புளியக் கேளுங்க சார், எங்கூரு அம்புட்டுப் புளியும் எங்க பதுங்குதுன்னு காட்டுறேன்" என்று நாலு கட்டுகளை அவர் மடியிலேயே வைத்துவிட்டாள். தலையாட்டிக்கொண்டிருந்த இருவரும் இப்போது எழுந்து தாங்களே அட்டையைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்காக விடுதியில் பொரியல், கூட்டு என்று ஏழெட்டு வெஞ்சனத்தோடு ஆக்கி வைத்த சாப்பாடு ஆறிக் கிடந்தது. போய்ச் சாப்பிடச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

கிளம்பும்போது அவர் பிரின்சிபால் அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "போற காலேஜில எல்லாம் ஒரே புஸ்தகங்களைத்தான் பாக்கிறேன். வேற காலேஜ் முத்திரை மேல காகிதம் ஒட்டியிருப்பாங்க. போன மாசம் ஒரு புஸ்தகத்துல நான் வச்ச பஸ் டிக்கெட்டே அடுத்த ஊர்ல என்னைப் பாத்துச் சிரிச்சுது. நான் பாக்காத புஸ்தகத்தை இங்கதான் பாக்கிறேன்." பிரின்சிபால் அம்மா ஆரோக்கியமேரியைப் பார்த்தார். ஆரோக்கியமேரி கூரையைப் பார்த்தார். நான் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் இருமுகிற மாதிரி வெளியே ஓடினேன்.

கார் தெருவைத் தாண்டியதும் பெண்கள் போட்ட கூச்சலில் மைதானத்துப் புறா எல்லாம் பறந்தது. ஆரோக்கியமேரி அவர்களை அதட்டுவார் என்று பார்த்தால், அவர் செல்லம்மாளின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி, "பட்டியல்ல யாரு சொன்னதுன்னு இல்லைன்னு உனக்கு யாருடி சொன்னது?" என்றார். "யாரும் சொல்லலீங்க மிஸ். தேடிப் பாத்தேன், இல்லீங்க" என்றாள். ஆரோக்கியமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பின் அவர் எத்தனையோ வருடம் பாடம் எடுத்தார், துறைத் தலைவரானார், ஓய்வு பெற்றார். கடைசிவரை டாக்டரிடம்கூட, "இந்த மாத்திரை நல்லதுன்னு யாரு சொன்னது, எதுல போட்டிருக்கு?" என்று கேட்டு உயிரை வாங்கினார். அவர் சேகரித்தவை இன்றைக்கும் நூலகத்தில் இருக்கின்றன. அவரிடம் படித்தவர்களில் பேராசிரியைகள் உண்டு, வங்கி மேலாளர்கள் உண்டு, வெங்காயமே போட்டு வென்றவர்களும் உண்டு. அந்தப் பெருமைகளை எல்லாம் நீங்கள் ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்று மட்டும் போதும், அதை நான் யாருக்கும் தருவதாக இல்லை.

அனுமதி வந்த அந்த ஜூன் மாதம், பி.ஏ. பொருளாதாரத்தில் முதல் வருடம் இடம் கிடைத்தவர்களின் பெயர்களை வாசல் பலகையில் ஒட்டியிருந்தோம். ஊர் ஊராகத் தகப்பன்மார் வந்து பலகைக்கு முன்னால் நின்றார்கள். அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. கேட்கக் கூச்சப்பட்டு, தெரிந்தவர் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஆரோக்கியமேரி மாடியிலிருந்து அதைப் பார்த்துவிட்டார். இறங்கி வந்தார். பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, யாரும் கேட்காமலே, தெருவுக்கே கேட்கிற குரலில் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, ஊர் சொல்லி, தகப்பன் பெயர் சொல்லி. அந்தக் குரல்தான் என்னிடம் இருக்கிறது.

"பாலசமுத்திரம், பழனியப்பன் மகள் செல்லம்மாள். பி.ஏ.!"

கூட்டத்தின் பின்னாலிருந்து துண்டைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே ஒருவர் சொன்னார்: "நானுங்க. அது எம்புள்ளைங்க."